குளத்து விரால்

மன்னாரிலிருந்து வங்காலை போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் பெருமையோடு சொன்னாள்:

"குளத்து மீனை விக்க வேண்டாமெண்டு மகள் தகப்பனுக்கே சொல்லிப்போட்டாள்."

"ஏனக்கா? இந்தியா அகதி முகாமால திரும்பி வந்து, அந்த மீனை வித்துத்தானே அவளைப் படிப்பிச்சனீங்கள்?"

"ஓம். அவள்தான் படிக்கிற கம்பசில அந்த மீனைச் சோதிச்சுப் பாத்தவள். நொன்ஸ்டிக் சட்டிக்குப் பாவிக்கிற மாதிரி ஒரு இரசாயனமாம். அழியாதாம். சின்ன மீனைத் தின்னத் தின்ன விராலில சேந்துகொண்டே போகுமாம். அவிச்சாலும் போகாதாம், தின்னுற ஆக்களுக்குக் கூடாதாம்."

"அண்ணை கோவிக்கேல்லையோ?"

"ரெண்டு நாள் அவளோட கதைக்கேல்லை. இப்ப கூலிக்குக் கடலுக்குப் போறார். ஆனால் நேற்று மீன்பிடிச் சங்கக் கூட்டத்தில எழும்பி நிண்டு, 'ஒருத்தரும் அந்தக் குளத்தில வலை போடாதேங்கோ, என்ர பிள்ளைதான் கண்டுபிடிச்சவள்' எண்டு சொன்னவர்."