ஐந்தாவது நீதிபதிக்கு அர்ச்சனை இல்லை

புதன்கிழமை மாலை, கோலாலம்பூரில், கே.எல். சென்ட்ரலில் இருந்து கிள்ளான் போகும் ரயில். எனக்கு எதிரே, புத்ராஜெயா உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்து திரும்பும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வழியில் ஏறிய அவருடைய அண்டைவீட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, நான் அர்ச்சனை பண்ணின நீதிபதிங்கள்ல ஒருத்தரு ரிட்டயர் ஆயிட்டாரு" என்றார் அந்த அம்மா.

"நீதிபதிக்கு அர்ச்சனையா?"

"லாயர்கிட்ட அஞ்சு பேரோட பேரையும் கேட்டு வாங்கினேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? என் மகளே ஆஸ்பத்திரில விட்டுட்டுப் போன புள்ள. அவ நட்சத்திரமும் தெரியாது, சாமி பேருக்குத்தான் பண்ணுவேன். இவங்களுக்கும் அப்படியே பண்ணச் சொல்லிட்டேன்."

"சரி, ரிட்டயர் ஆனவரு எடத்துக்கு?"

"புதுசா ஒரு அம்மா. பிரதமர் பேரு கொடுத்து, மாநில சுல்தானுங்க கூடிப் பேசி, மாமன்னர் நியமிக்கணுமாம். அதுவரைக்கும் கேஸ் தள்ளிப் போச்சு. அவங்களுக்கு நான் அர்ச்சனையே பண்ணல. பயந்துட்டேன்."

"தீர்ப்பு என்னாச்சு? அதச் சொல்லு லா!"

"மூணுக்கு ரெண்டு. மகளுக்குக் குடியுரிமை கொடுக்கச் சொல்லிட்டாங்க."

"அந்தப் புது அம்மா?"

"நம்ம பக்கம்ணே! எதிர்த்த ரெண்டு பேருக்கும் அர்ச்சனை பண்ணியிருந்தேன்."

அண்டைவீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்து, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை அர்ச்சனை யார் பேருக்கு?"

"மக பேருக்குத்தான். குருக்கள் நட்சத்திரம் கேட்டா, இனிமே அவளுக்குக் கெடைக்கப் போற அடையாள கார்டு, அந்த ஐசி நம்பரச் சொல்லிடுவேன்."