பதினாலு வரி

ரஃபல்: ...இல்ல கர்ரார், அதே இடத்துலதான் நிக்குது. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.

கர்ரார்: நான் எழுதிக் குடுத்தது ஒரே வரிதானே? சரியா அடிச்சீங்களா?

ரஃபல்: ஒரு வரியை எத்தனை விதமா தப்பா அடிக்க முடியும்?

கர்ரார்: கோவிச்சுக்காதீங்க தாயே. நாலு மாசமா உங்களுக்கு ஓடிட்டுத்தானே இருந்தது.

ரஃபல்: ம்.

கர்ரார்: இன்னிக்கு மட்டும் என்ன வந்தது?

ரஃபல்: நெட் இல்ல. பரீட்சையில காப்பி அடிக்கக் கூடாதுன்னு அரசாங்கமே ஆறு மணிக்கு நாடு முழுக்க நிறுத்திடுச்சு.

கர்ரார்: அட, ஆமா. என் தங்கச்சியும் இன்னிக்கு எழுதுறா. பேனாவை விட்டுட்டுப் போயிட்டா, அதை...

ரஃபல்: கர்ரார், ஏழு மணிக்கு பம்ப் ஆபரேட்டர் அபூ சஜ்ஜாத் ஊர்த் தொட்டிக்கு ஆத்துத் தண்ணியைத் திறந்துடுவார். ராத்திரி ஆத்துல கடல் தண்ணி எவ்வளவு ஏறிச்சுன்னு அதுக்குள்ள நான் சொல்லணும். உப்பு கூடியிருந்தா பாதி பஸ்ரா அதைத்தான் குடிக்கும்.

கர்ரார்: மணி என்ன இப்ப?

ரஃபல்: ஆறு நாப்பது.

கர்ரார்: கணக்குப் போடற பேக்கேஜ் எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கே. போன வருஷமே இன்ஸ்டால் பண்ணியாச்சு.

ரஃபல்: அதான் எனக்கும் புரியல. சாமான் வீட்லயே இருக்கு. எடுத்து அடுப்படியில வைக்க வேண்டியதுதான். அது எதுக்குக் கடைவாசல்ல போய் நிக்குது?

கர்ரார்: புதுசு வந்திருக்கான்னு... பாக்கப் போகும்.

ரஃபல்: தினமுமா?

கர்ரார்: முன்னாடி இன்ஸ்டால் தனி. அப்புறம் தினமும் எடுத்து வைக்கப் பதினாலு வரி. எல்லாரும் குழம்புறாங்களேன்னு ஒண்ணாக்கினேன். இல்லைன்னா வாங்கு, இருந்தா புதுசான்னு பாரு, அப்புறம் எடுத்துக் குடு.

ரஃபல்: கடை மூடியிருந்தா?

கர்ரார்: ...ஓ. அதனாலதானா.

ரஃபல்: எது?

கர்ரார்: ஒண்ணுமில்ல. கையால கூட்ட முடியாதா?

ரஃபல்: ஆறு இடத்து அளவு, ராத்திரி முழுக்க, நிமிஷத்துக்கு ஒண்ணு. நீங்க கூட்டுங்க, நான் டீ போட்டுட்டு வரேன்.

கர்ரார்: அப்ப திறக்க வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லிடலாமே.

ரஃபல்: தொட்டி காலி. எண் சொல்லாம கேக்க மாட்டார்.

கர்ரார்: அந்தப் பழைய பதினாலு வரிக் கோப்பு இருந்தாலாவது... நீங்கதான் அழிச்சிட்டேன்னு சொன்னீங்க. ரஃபல்? லைன்ல இருக்கீங்களா?

ரஃபல்: இருங்க. ஓடுது.

கர்ரார்: எது ஓடுது?

ரஃபல்: பழசு.

கர்ரார்: எந்தப் பழசு?

ரஃபல்: அழிக்கல. நாலு மாசமா அதைத்தான் ஓட்டுறேன். ஏழு ஆய்வகத்துக்கும் இனி உங்க வரிதான்னு நம்ம மேலதிகாரி முதீர் ஆணை போட்டாரே... அதான் இன்னிக்கு உங்களோடதைத் தொட்டேன்.

கர்ரார்: அப்ப தினமும் கேக்கும்போது, ‘நல்லா ஓடுது’ன்னு...

ரஃபல்: முதல் நாளே நின்னுடுச்சு, அன்னிக்கும் நெட் சரியில்ல போல. நீங்க எல்லாருக்கும் கெய்மர் பாலாடையும் ரொட்டியும் வாங்கிட்டு வந்து, சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. உங்களுக்கு ஓடுது, எனக்குத்தான் தெரியலைன்னு நினைச்சேன்.

கர்ரார்: உங்க வார்த்தையை நம்பித்தான் அவர் ஆணையே போட்டார்.

ரஃபல்: உங்க வார்த்தையையும். வந்துடுச்சு... உப்பு மூணாயிரத்து நூறு, ரொம்ப அதிகம். திறக்கக் கூடாது. நீங்க போனை வைக்காதீங்க, ஆபீஸ் போன்ல அவர்கிட்ட சொல்லிடறேன்.

கர்ரார்: சீக்கிரம்.

ரஃபல்: ...சொல்லிட்டேன். திறக்கல. கை வால்வு மேலயே இருந்துச்சாம். திட்டுறார்.

கர்ரார்: யாரை?

ரஃபல்: உங்களையும் சேத்துத்தான். ஞாயித்துக்கிழமை கர்ரார் ஆறரைக்கே எண் சொல்லிட்டான், உனக்கு என்னம்மா வந்ததுங்கிறார்.

கர்ரார்: அன்னிக்கு என் முறை.

ரஃபல்: ஞாயித்துக்கிழமையும் பரீட்சைதான் கர்ரார். அன்னிக்கும் நெட் இல்ல. உங்க வரி எப்படி ஓடிச்சு?

கர்ரார்: உங்களுக்கு நல்லா ஓடுதுன்னு சொன்னீங்களா... என் கம்ப்யூட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். நானும் பழசை அழிக்கல.