என்னையுமா நம்பல?

மணி ஏழே முக்கால். கல்குவாரிக்குப் போகிற சாலை. அந்த நேரத்துக்கு மேல் அதில் லாரி கிடையாது, நாய்கூடக் கிடையாது. கடைசி வீட்டுக்கு இரண்டு பேர் வண்டியில் போனார்கள். ஓட்டியவர் என் சிநேகிதர், கொத்தனார். பின்னால் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவருடைய சின்ன மச்சான், மனைவியின் தம்பி.

வீடு பெரிய மச்சானுடையது. அவர் செத்து நாலு மாதம்.

பெரியவருக்கு 'டெஸ்டர்' என்று பட்டப்பெயர். கம்பியில் வைத்தால் கரண்ட் இருக்கிறதா என்று காட்டுமே, அந்த டெஸ்டர் தூங்கும்போதுகூட அவர் சட்டைப்பையில் இருக்கும். வீட்டு வயரிங் முழுக்கத் தானே செய்தார். முதலில் மெயினை இறக்குவார். அப்புறம் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வார், எவனும் திரும்பச் சொருகிவிடக் கூடாது பாருங்கள். அதற்கும் மேலே டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். தாலி கட்டும் முன் பெண்ணுக்கே டெஸ்டர் வைத்த ஆள் என்று ஊரே கேலி செய்யும்.

சிரியுங்கள். அந்த ஆள்தான் கரண்ட் அடித்துச் செத்தார்.

ஹால் ஃபேன். மாட்டி முடித்து, ஃபியூஸ் சொருகி, மெயினை ஏற்றினார். சுற்றவில்லை. மறுபடி ஏணி. முழங்கால் வலி வேறு. மேலேயிருந்தே குரல் கொடுத்தார்.

"டேய்... மெயினை இறக்குடா."

"இறக்கியாச்சுண்ணே!" வெளி அறையிலிருந்து தம்பி.

பெரியவர் டெஸ்டரை எடுத்தார். தம்பி செல்போனும் கையுமாக வந்து நின்று சிரித்தான்.

"என்னண்ணே... என்னையுமா நம்பல?"

பெரியவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. டெஸ்டரைத் திரும்பப் பையில் போட்டார். கூடப்பிறந்தவன் பேச்சுக்குமா டெஸ்டர் வைப்பது? வைக்க வேண்டும். அவனுக்குத்தான் முதலில் வைக்க வேண்டும்.

தொட்டார்.

கத்தவில்லை. கத்த முடியவில்லை. கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது... கண் மட்டும் தம்பி மேலேயே இருந்தது. ரப்பர் கருகின வாசனை.

கொத்தனார் அப்போது பக்கத்து அறையில் சுவர் பூசிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு மெயின் பழைய இரும்புப் பெட்டி. ஏற்றினாலும் இறக்கினாலும் வீடு முழுக்க 'டக்' என்று கேட்கும். தம்பி "இறக்கியாச்சு" என்றபோது அது கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான்... டக்.

சோம்பலா, வேண்டுமென்றேவா? அவனுக்கே வெளிச்சம்.

"ஆஃப் பண்ணாமலே ஏறிட்டாரே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். டெஸ்டரே டெஸ்டர் வைக்காமல் செத்தானாம் என்று ஊர் சிரித்தது. கொத்தனார் வாயைத் திறக்கவில்லை. மனைவிக்கு மிச்சமிருந்த ஒரே உடன்பிறப்பாயிற்றே. என் சிநேகிதர்தான், இருந்தாலும் சொல்கிறேன்... அவரும் யோக்கியர் இல்லை.

நாலு மாதத்தில் பெரியவர் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு தம்பி கைக்கு வந்தது. இரண்டு பேரும் வண்டியில் போன அந்த ராத்திரி விடிந்தால் குடியேற வேண்டும். அந்த ஃபேன் மட்டும் பாக்கி.

"யாராவது எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாமே, மாப்ள?"

"எவனையும் நம்ப முடியாது மாமா."

சொன்னவன் யார் பாருங்கள்.

மெயினை அவனே இறக்கினான். டக். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினான். அன்று காலையில்தான் கொத்தனார் அதில் புதுக் கம்பி கட்டியிருந்தார். பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான். கொத்தனார் கீழே டார்ச் பிடித்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை.

மேலே போய் டெஸ்டரை எடுத்தான். அண்ணனுடைய டெஸ்டர்.

வெளி அறையிலிருந்து...

"இறக்கியாச்சு தம்பி."

ஏணி கிரீச்சென்றது. டெஸ்டர் பாதியில் நின்றது.

"என்னடா... என்னையுமா நம்பல?"

கோபக் குரல் இல்லை என்றார் கொத்தனார். மனசு விட்டுப்போன குரல்.

சின்னவன் டெஸ்டரைப் பையில் போட்டான். ஏன் போட்டான் என்று தெரியாது. வெறுங்கை மட்டும் மெல்ல மேலே போனது.

"அண்ணே... நான் அன்னிக்கு..."

டக்.

ரப்பர் கருகின வாசனை. விழவும் இல்லை, கத்தவும் இல்லை. வெளி அறையைப் பார்த்தபடியே இருந்தான்.

கொத்தனார் வெளி அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். மெயின் கைப்பிடி இறக்கினபடி கீழேதான் இருந்தது. ஃபியூஸ் சொருகும் இடம் காலி. மீட்டர் சக்கரம் அசையவில்லை.

அவனைக் கீழே இறக்கிப் படுக்க வைக்கும்போது பையிலிருந்து ஃபியூஸ் கட்டை உருண்டு விழுந்தது. சட்டையில் ஒரு கருகல் இல்லை. கொத்தனார் குனிந்து எடுத்தார். கை சுட்டது.

காலையில் அவர் கட்டின புதுக் கம்பி... நடுவில் உருகிப் போயிருந்தது.