பிள்ளைக் காம்பராக் கூரையிலிருந்த கருவி அழிந்தது தொடர்பாக

என் பெயர் அழகையா பாக்கியலெட்சுமி. வயது 43. ஹாலிஎலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஐந்தாம் இலக்க லயத்தில் வசிக்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் வைத்திருக்கும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக வேலை செய்கிறேன். இந்த விசாரணைக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. அரசாங்கக் கருவியைக் கவனிக்காமல் அழியவிட்டதாகப் பொறியியலாளர் யதுர்ஷனிடம் விளக்கம் கேட்டிருப்பதை அவருடைய டிரைவர் நௌபர் சொன்னதால் நானாகவே வந்தேன்.

சித்திரை மாதத்தில் யதுர்ஷன் சார் பதுளையிலிருந்து வந்து, பிள்ளைக் காம்பராவின் கொங்கிரீட் கூரையில் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற ஒரு கருவியைப் பொருத்தினார். அதன் பின்னர் ஐப்பசி மழையில், கருவியின் கம்பி இறங்கிய துளை வழியாகத் தண்ணீர் ஒழுகி, பிள்ளைகள் தூங்கும் பாயில் விழுந்தது. ஆகவே நான் ஏணி வைத்து ஏறி, ஒரு தகரத்தைக் கருவியின் மேல் போட்டுக் கல் வைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. அது என் குற்றம்.

நான்கு நாட்களின் பின்னர், நவம்பர் 12ஆம் திகதி காலை பத்து மணியளவில், கருவியிலிருந்து தகவல் வரவில்லையென்று யதுர்ஷன் சாரும் நௌபரும் வந்தார்கள். சார் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, “அக்கா, இந்தத் தகரத்தை ஆர் வைச்சது?” என்று கேட்டார்.

“நான்தாங்க சார். புள்ளைங்க மேல ஒழுகுச்சுங்க” என்றேன்.

அவர் ஏசவில்லை. “செயற்கைக்கோளில இருந்து வாற சிக்னல் ஈரக் காத்துக்குள்ளால வரேக்க கொஞ்சம் பிந்தும். அதை அளந்தால் மேல எவ்வளவு நீராவி நிக்குதெண்டு தெரியும். தகரம் இருந்தால் சிக்னல் வராது” என்றார். அதன் பின்னர் தகரத்தை எடுத்தார், துளையைத் தார் வைத்து அடைத்தார், உள்ளே வந்து பாயைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்தார்.

அதன் பின்னர் லப்டொப்பைத் திறந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தூறல் மட்டுமே இருந்தது. ஆனால் அவர், “நான் இவ்வளவு நீராவியை இங்க கண்டதில்லை. பின்னேரம் பெருமழை வரும். இந்தக் கருவி மலையைப் பற்றிச் சொல்லாது, அதை நான் போய்த்தான் பாக்கோணும்” என்று சொல்லி, காம்பராவின் பின்னாலிருந்த மண்மேட்டில் ஏறினார். திரும்பி வந்தபோது முழங்கை வரை சேறாக இருந்தது. மேட்டில் கை போகும் அளவுக்கு வெடிப்பு இருப்பதாகவும், உடனே வெளியேற வேண்டுமென்றும் சொன்னார். மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் யாருக்கும் இதை இரண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது நௌபர், “சார், மெஷின கழட்டவா? கால்மணி நேரம் போதும்” என்று கேட்டார்.

“மெஷின் கிடக்கட்டும் நௌபர் அண்ணை. முதல்ல பிள்ளையளை ஏத்துங்கோ” என்று சார் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

வாகனம் பிள்ளைகளை இரண்டு தடவையாக மேலேயுள்ள தோட்டப் பாடசாலைக்குக் கொண்டுபோனது. அதற்குள் மழை பிடித்துவிட்டது. சார் லயத்தில் கதவு கதவாகத் தட்டி, சுகமில்லாமல் படுத்திருந்தவர்களையும் வெளியேற்றினார். அவருடைய மழைக்கோட்டு கைக்குழந்தை மதுஷாவைச் சுற்றியிருந்தது. அவர் முழுக்க நனைந்திருந்தார்.

மாலை மூன்றரை மணியளவில் மேடு சரிந்து பிள்ளைக் காம்பராவையும் கருவியையும் மூடியது. யாருக்கும் காயமில்லை. அதன் பின்னர் தாய்மார் மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு ஓடிவந்தார்கள். மதுஷாவின் தாய் சாரின் காலில் விழப் போனபோது அவர் பின்னால் நகர்ந்து, “ஐயோ, அப்பிடிச் செய்யாதேங்கோ. பிள்ளைக்குப் பசிக்குது, பாருங்கோ” என்றார்.

கருவியைக் கழற்ற நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அந்த நேரத்தைத்தான் அவர் எங்களுக்குத் தந்தார். நான்கு நாட்கள் தகவல் வராமற்போனதற்கு நானே பொறுப்பு. அதற்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தாளை அவரும் வாசிப்பார் என்று சொன்னீர்கள். ஆகவே இதையும் சேர்த்து எழுதும்படி கேட்கிறேன்: சார், நான் இங்கே புறப்பட்டபோது பிள்ளைகள் பதினொரு பேரும் பாடசாலை மண்டபத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் நான் கண்டதும் கேட்டதும் செய்ததுமாகும். எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. திருத்த எதுவுமில்லை. விளங்கிக்கொண்டே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. பாக்கியலெட்சுமி