இரண்டு கை

பேனையை மேசையில் இரண்டு முறை தட்டினீர்கள், ஐயா. உங்களுக்குத் தேத்தண்ணி நேரம். குடித்துவிட்டு வந்து என் வாக்குமூலத்தை எழுதுங்கள், எனக்கு அவசரமில்லை. வாய் சொல்வதைவிட உடம்பு சொல்வதை நம்புகிறவன் நான். பாண்டிருப்புக் கரையில் பதினாறு வருடமாக அதுதான் என் தொழில்.

கரைவலை இழுக்கும்போது கடலில் இருப்பவன் கத்தினால் கரைக்குக் கேட்காது. மீன் சேரும் பையான வலையின் மடியோடு நீந்தி வருகிறவன் ஒரு கையைத் தூக்கினால் இழுக்கலாம். இரண்டு கையையும் தூக்கினால் நிறுத்த வேண்டும். அதைப் பார்த்துச் சால்வையை வீசிக் காட்டுகிறவன் நான். கயிறு இழுப்பவர்கள் என் சால்வையைத்தான் பார்ப்பார்கள்.

மடியோடு நீந்துகிறவன் தனஞ்சயன். அவன் மனைவி தக்சாயினிக்கு என்மேல் விருப்பம். வாயால் சொன்னதில்லை. என்னைக் கண்டால் தலையைக் குனிவாள். நான் படலையடிக்கு வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். கொடுத்தனுப்பிய சுறாவை அப்படியே திருப்பி அனுப்பினாள். மனதில் ஒன்றுமில்லாதவள் என்றால் பேசாமல் ஆக்கித் தின்றிருப்பாள்.

கடைசியில் தனஞ்சயனே வந்தான்.

"அண்ணன், இனி எங்கட வீட்டுப் பக்கம் வராதீங்க. அவளுக்குப் பயமா இரிக்காம்."

மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தோற்றவன் அப்படித்தான் நிற்பான். ஓம் தம்பி என்று தோளில் தட்டி அனுப்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மடி கல்லில் சிக்கியது. ஜும்ஆத் தொழுகைக்கு முன் வலையைக் கரைசேர்க்கும்படி முதலாளி மீராசாஹிபு சொல்லியிருந்தார். அவர்மேல் பழி வேண்டாம். மடியை விடுவிக்கத் தனஞ்சயன் சுழியோடினான். கால் வலைக்குள் அகப்பட்டுவிட்டது. மேலே வந்து இரண்டு கையையும் தூக்கினான். நான் இழுக்கச் சொல்லிச் சால்வையை வீசினேன். மறுபடி தூக்கினான். மறுபடி வீசினேன். மூன்றாம் முறை ஒரு கைதான் மேலே வந்தது. ஒரு கை என்றால் இழுக்கலாம், ஐயா.

தவறாகப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதினாறு வருடத்தில் நான் ஒரு சைகையையும் தவறாக விளங்கியதில்லை.

சவம் எடுக்கும்போது தக்சாயினி தலை குனியவில்லை. அத்தனை சனத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி என்மேல் தூற்றினாள். சனம் அதைச் சாபம் என்கிறது. சனத்துக்கு என்ன தெரியும்? உரிமை இல்லாதவனிடம் எந்தப் பெண் இப்படிக் கோபிப்பாள்?