சிவப்புப் பூசிய பச்சை வண்டி

பழைய வண்டி வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். அதில் என்ன தெரிந்துகொள்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. மீதிப்பேர் கதவைத் திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். இந்த இரண்டு வகை ஆட்களை நம்பித்தான் என் பிழைப்பு நடந்தது. அதனால் குறை சொல்லவில்லை.

நீங்கள் எழுத எழுதச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். அவசரமில்லை.

என் பெயர் வைத்தியநாதன். வைத்தி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பாளையங்கோட்டையில் வண்டி மதிப்பீட்டாளராக இருக்கிறேன். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று, வண்டி என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. விபத்தான வண்டிகளை இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பார்ப்பதும் நான்தான். தூத்துக்குடிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் எது எதில் மோதினாலும் ஒரு வாரத்தில் என் முன்னால் வந்து நிற்கும்.

இந்த வண்டி 1948-இல் இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. இரண்டே இருக்கை, திறந்த மேல்புறம், கம்பிச் சக்கரங்கள், இருண்ட பச்சை நிறம். மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து டாக்டர் வைத்திருந்தார். நான் பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில் அவர் அதில் ஜங்ஷனுக்கு வருவார். வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும். நான் கூட்டத்தில் சேர்வதில்லை. எதிர்ப்பக்கம் நின்று, அது கிளம்பிப் போகும்வரை பார்ப்பேன். டாக்டர் சொந்த ஊருக்கே திரும்பிப் போனபோது, என் சொந்த ஊரான சேரன்மகாதேவியில் எங்கள் தெரு வக்கீல் அதை வாங்கினார். அவர் காலமானதும் மகன் சுந்தர்ராமன் கைக்கு வந்தது.

சுந்தர்ராமன் பம்பாயில் சோப்புக் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவன். வண்டி லேசாகப் புகை தள்ளியது. பிஸ்டன் ரிங்கை மாற்றினால் சரியாகிவிடும். அவன் இன்ஜினையே இறக்கிவிட்டு அம்பாசிடர் இன்ஜினை ஏற்றச் சொன்னான். அம்பாசிடர் நல்ல வண்டிதான், கல்யாணத்துக்கும் துஷ்டி வீட்டுக்கும் போய்வரலாம். ஆனால் அதன் இன்ஜின் இந்த வண்டிக்குள் போவது, வீணை வித்வானுக்குத் தவில்காரரின் கையை ஒட்டவைப்பது போல. அதோடு நிற்கவில்லை. கம்பிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அகலமான வெள்ளிச் சக்கரங்கள் போட்டான். டாஷ்போர்டின் தேக்குப் பலகையில் துளை போட்டு கேசட் பிளேயர் பொருத்தினான். ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடியது. கடைசியில் பச்சைக்கு மேல் சிவப்படித்தான். மிட்டாய்ச் சிவப்பு.

கழற்றிய இன்ஜினை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டான். மறுநாளே போய் நான் அதை வாங்கிவந்தேன். என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறது. மூன்று வருஷம் எடுத்து, பிரித்து, சுத்தம் செய்து, திரும்பக் கோத்துவைத்திருக்கிறேன். அதை வைக்க ஒரு வண்டி வேண்டியதுதான் பாக்கி.

வண்டியை எனக்கு விலைக்குக் கொடுக்கும்படி இரண்டு தடவை சுந்தர்ராமனிடம் கேட்டேன். இரண்டாவது தடவை தெருவில் நாலு பேர் நிற்கும்போது சொன்னான்:

"உங்களுக்கு எதுக்கு மாமா ஸ்போர்ட்ஸ் காரு? ஏறி உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கும். அப்புறம் உங்களையும் சேத்துன்னா வர்க்‌ஷாப்புக்கு அனுப்பணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குமேல் கேட்கவில்லை.

இந்த வருஷம், தொண்ணூற்றாறு ஏப்ரலில், அவன் வண்டியை விலைக்குப் போட்டான். வாங்க வந்தவர் புன்னக்காயல் பெனிட்டோ. கப்பலில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய உடம்பு, பெரிய குரல், கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. என் ஆபீஸுக்கு மனைவி பிலோமினாவோடு வந்தார். வெளிநாட்டு பிஸ்கட் டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"கப்பல்ல இருபத்தெட்டு வருஷம் அடுப்புப் பக்கத்துலயே நின்னாச்சு அண்ணாச்சி," என்றார். "ஒரு தடவ லிவர்பூல்ல இதே மாதிரி வண்டில ஒரு கேப்டன் அவரு வீட்டம்மாவ வச்சி ஓட்டிட்டுப் போனாரு. அன்னைக்கே நெனச்சேன், ஒருநா இவள இப்டி கூட்டிட்டுப் போவணும்னு. இருபத்தெட்டு வருஷமும் ஒத்தையில கெடந்தா பாவம்."

அந்த அம்மாள் வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் சிவப்பு நிறத்தைப் பற்றி மட்டும் கால்மணி நேரம் பேசினார். பச்சையைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. இன்ஜின் மாற்றியது தெரியுமா என்று கேட்டேன். "எந்த இன்ஜினா இருந்தா என்ன அண்ணாச்சி, ஓடுனா சரி," என்றார். அந்த இடத்திலேயே அவரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது.

மே மாதம் இரண்டாவது வாரம் சேரன்மகாதேவிக்குப் போய் வண்டியைப் பார்த்தேன். சுந்தர்ராமன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "மாமா, நல்லபடியா எழுதுங்கோ. உங்களையும் கவனிச்சுடறேன்." நான் மறுத்துவிட்டேன். என்னை யாரும் விலைக்கு வாங்கியதில்லை என்பதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்ஜின் மாற்றிய மெக்கானிக், மேலப்பாளையம் காஜா முகைதீன், வண்டியை ஸ்டார்ட் செய்துகாட்ட வந்திருந்தான். சுந்தர்ராமன் உள்ளே போன நேரத்தில் பக்கத்தில் வந்தான்.

"சார், ஸ்டியரிங் தண்டு இன்ஜின்ல இடிச்சிச்சின்னு வெட்டி, வளச்சி, வெல்டு வச்சிருக்கேன். பத்துநா ஓட்டத்துக்குத்தான்னு சொல்லித்தான் செஞ்சேன். புதுசு கடைஞ்சி போடணும்னு எத்தனையோ தடவ சொல்லியாச்சி. அவிய கேக்கவே இல்ல. நீங்க எழுதுனாத்தான் சார் கேப்பாவ. எழுதிருங்க."

"பார்க்கிறேன்," என்றேன்.

வண்டிக்கு அடியில் படுத்தேன். முக்கால் மணி நேரம் பார்த்தேன். தண்டையும் பார்த்தேன். எழுந்துவந்து, 'ஸ்டியரிங்: திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். உள்ளதை எழுதினால் பெனிட்டோ வாங்காமல் போய்விடுவார். சுந்தர்ராமன் மெட்ராஸில் இன்னொரு பணக்காரனைப் பிடிப்பான். அவன் மஞ்சள் அடிப்பான். வண்டி இந்தப் பக்கத்தை விட்டே போய்விடும். பெனிட்டோ வாங்கினால் இங்கேயே இருக்கும். என்றைக்காவது ஒருநாள் தண்டு விட்டுப்போகும், எங்கேயாவது முட்டி நிற்கும். அப்புறம் யார் பார்க்க வருவது? நான்தான். உடைந்த வண்டியைக் கழிவு விலைக்கு யார் எடுப்பது என்பதையும் நான் சொல்லித்தான் கம்பெனி கேட்கும்.

சாவியை வாங்கிக்கொண்ட நாளில் பிலோமினா என்னிடம் தனியாக வந்து கேட்டாள். டயரை உதைக்காத, கதவைச் சாத்திப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான்.

"அண்ணாச்சி, அவருக்கு வேகம்னா பிரியம். நாங்க ரெண்டு பேருந்தான் போவோம். பயமில்லாம போலாமா?"

"பயப்பட இதுல ஒண்ணும் இல்லேம்மா," என்றேன்.

முதல் நீண்ட பயணமாக எங்கே போகலாம் என்று பெனிட்டோ கேட்டார். சாரல் ஆரம்பித்ததும் பாபநாசம் மேலணைக்குப் போகச் சொன்னேன். மலைப்பாதையில்தான் இந்த வண்டியின் அருமை தெரியும் என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் என் எண்ணம் வேறு. சமவெளி ரோட்டில் தண்டு உடைந்தால் லாரிக்கு அடியில் போய்விடும், சேஸிஸ் மிஞ்சாது. மலை ஏறும்போது வண்டி மெதுவாகப் போகும். வளைவில் தண்டு திருகும். உடைந்தால் இடதுபுறம் பாறையோரத்து ஓடையில் இறங்கி நிற்கும். முன் பம்பர், ஒரு மட்கார்டு, ஒரு விளக்கு. அவ்வளவுதான் சேதம். அவர்களுக்கும் சின்னக் காயம் இருக்கும் என்பதை நான் யோசிக்காமல் இல்லை. காயம் ஆறிவிடும். நசுங்கிய தகடு தானாக ஆறாது. அதனால் தகட்டைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன்.

ஜூன் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போனார்கள். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மேலே அணையைப் பார்த்து, கொண்டுபோன மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு, மூன்று மணிக்கு இறங்கியிருக்கிறார்கள். இறக்கத்தில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்று கப்பல் சமையல்காரருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? நான்காவது வளைவில் ஸ்டியரிங் கையோடு சும்மா சுற்றியிருக்கிறது. அறுபது அடிப் பள்ளம். பெனிட்டோ வண்டிக்கு அடியில் கிடந்தார். பிலோமினா புதரில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பிழைத்தாள்.

மறுநாள் கம்பெனி என்னைத்தான் அனுப்பியது. உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் அங்கே இருந்தீர்கள். சேஸிஸ் இரண்டாக ஒடிந்திருந்தது. உடைந்த மட்கார்டில் சிவப்பு உரிந்து, அடியில் டாக்டர் காலத்துப் பச்சை தெரிந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் ஒரு கான்ஸ்டபிளிடம் தண்ணீர் கொடுத்தனுப்பினீர்கள். "தெரிஞ்சவரா சார்?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கேட்டது பெனிட்டோவைப் பற்றி.

தண்டை ஒட்டியது காஜா முகைதீன் என்பதால் அவனைப் பிடித்தீர்கள். என்னிடம் எச்சரித்ததாக அவன் சொன்னான். நீங்கள் என்னைக் கேட்டபோது, அப்படி யாரும் சொல்லவில்லை என்றேன். மெக்கானிக் சொல்வதையா, மதிப்பீட்டாளர் சொல்வதையா நம்புவது? நீங்கள் சரியாகத்தான் நடந்துகொண்டீர்கள். அவன் மனைவி ஆசியா உம்மாள் என் வீட்டு கேட்டில் இரண்டு நாள் வந்து நின்றாள்.

"ஒரு வார்த்த உண்மையச் சொல்லுங்க சார். புள்ளைகள வச்சிக்கிட்டு நான் எங்கன போவேன்?"

அழுகிறவர்களோடு பேசிப் பயனில்லை. கேட்டைப் பைய சாத்திவிட்டேன். அவன் உள்ளே போய் ஏழு வாரம் ஆகிறது.

போன வியாழக்கிழமை பிலோமினா வந்தாள். ஊன்றுகோல் வைத்துக்கொண்டு, அக்கா மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, மூன்று படியேற அவ்வளவு நேரம். திட்டுவதற்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கேட்டுவிட்டு அனுப்பியிருப்பேன். அவள் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நீங்க வீட்ட விட்டு வெளியவே வாரதில்லன்னாவ. மனச விட்ராதிய. ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அந்த இருட்டுக்குள்ள படுத்துக்கிட்டு வயசான கண்ணுக்கு என்ன தெரியும்? தப்பியிருக்கும். போலீசுலயும் அதத்தான் சொன்னேன். ஒங்களுக்காவயும் மாதாகிட்ட செபம் சொல்லுதேன்."

கொண்டுவந்த திராட்சைப் பையை வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. பின்னறைக்குப் போய் இன்ஜினைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. காஜா முகைதீனின் நிலைமை என்னை உறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு நிரபராதி உள்ளே இருக்கக் கூடாது. உண்மை பதிவாக வேண்டும். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்திருக்கிறேன்.

இப்போது நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள். விரிசல் வெல்டின் மேல்விளிம்பில் ஆரம்பித்து வலதுபுறமாக இறங்கியிருந்தது. நீளம் ஒரு தீக்குச்சி அளவு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டார்ச்கூட இல்லாமல், படுத்த அரை நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். காஜா சொல்லியிருக்காவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். நகத்தை வைத்து இழுத்தேன், மாட்டியது. இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் தாங்கும் என்று கணித்தேன். நானூற்று எண்பதில் போயிருக்கிறது; மீட்டரைப் பார்த்தேன். பிறகு, பெனிட்டோ வேறு யாரிடமாவது காட்டிவிடக் கூடாதே என்று, பையிலிருந்த கறுப்புப் பெயிண்ட்டை விரலில் தொட்டு விரிசல் நெடுகப் பூசினேன். காய்ந்ததும் மேலே கிரீஸ் தடவினேன். உங்கள் நிபுணருக்கு அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையாம். அவரிடம் சொல்லுங்கள்.

எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒன்றே ஒன்று. அந்த அம்மாள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், மதிப்பீட்டாளருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு வரி இருக்கிறதாமே. அதை அடித்துவிடுங்கள்.