ஞாயிறு நாலுமணிக்கு விழுற சேர்வர்

இல்லைப் பிள்ளை, அந்த அலுமாரியைப் பேந்து திறப்பம். முதல் இரும். சப்பாத்துக் கழட்டின உடனை ஆரும் வேலை துவங்குவினமே? தேத்தண்ணி ஊத்தியாச்சு. உங்கடை ஆக்கள் பால் விட்டுத்தான் குடிப்பினம் எண்டு மோள் யது சொன்னவள், விட்டிருக்கிறன். வடையும் எடும். கடலைப் பருப்பு வடை. ஓ, நீங்கள் மசால்வடை எண்டு சொல்லுவியளோ? சரி, பேர் எதெண்டாலும் வயித்துக்குள்ளை போனால் ஒண்டுதானே.

அக்ஷயா, என்ன? வடிவான பேர். யதுர்ஷாவோடை ஒரே ஒபிசிலை வேலை. அவள்தான் உம்மை அனுப்பினது எண்டு எனக்குத் தெரியும். தம்பியின்ரை மிசின் கிழமைக்குக் கிழமை விழுது, அம்மா ஓடி ஓடி எழுப்பிறா, ஒருக்கால் போய் ஒரேயடியாத் திருத்திவிடு எண்டு சொல்லியிருப்பாள். பாவம், தாயிலை இரக்கம். ஆனால் அவளுக்கு எதையும் திருத்தாமல் இருக்கேலாது. ஆறு வயசிலை கீழ்வீட்டுக் கரோலினாட்டைப் போய், உங்கடை மணிக்கூடு அஞ்சு நிமிசம் பிந்துது எண்டு சொல்லி, கதிரையிலை ஏறித் திருப்பிவிட்டிட்டு வந்தவள்.

நிதுசன் அவளுக்கு இளையவன். இஞ்சையிருந்து ரெயினிலை எட்டு மணித்தியாலம், ஸ்தவாங்கரிலை இருக்கிறான், மூண்டு வருசமாச்சு. எண்ணைக் கொம்பனியளுக்குக் கொம்பியூற்றர் பாக்கிற வேலை. போகேக்கை மிசினை இஞ்சை விட்டிட்டுப் போனான். அங்கை அவன் இருக்கிறது ஒற்றை அறை. உது போடிற சத்தத்துக்கு அயலட்டை விடாதாம். இஞ்சை மட்டும் விட்டதே? கரோலினா ரெண்டாம் நாளே மேலை வந்திட்டாள், விமலா, இரவு பகலாத் தூசி உறிஞ்சிறியோ எண்டு. பேந்து அலுமாரிக்குள்ளை வைச்சு, சுத்திவரப் பழைய போர்வை கட்டி, காத்துப்போக ஒரு ஓட்டையும் விட்டு, ஒருமாதிரிச் சமாளிச்சம்.

என்னத்தையடா உது தோண்டுது எண்டு நானும் கேட்டனான். கிறிப்ரோ காசு அம்மா எண்டான். தனியத் தோண்டினால் ஆயுளுக்கும் ஒண்டும் ஆப்பிடாதாம். அதாலை உலகம் முழுக்க இருக்கிற ஆயிரக்கணக்கான மிசினுகள் கூட்டாச் சேர்ந்து தோண்டிப் பங்கு பிரிக்குமாம். அதுக்குப் பேர் பூல். நீர் படிச்சனீர், உமக்கு விளங்கும். எனக்கு விளங்கினது எப்பிடியெண்டால், தேர் இழுக்கிற மாதிரி. வடம் பிடிக்க ஆயிரம் பேர் நிண்டாலும் முன்னுக்கு ஒருத்தன் குரல் குடுக்கவேணும். அந்தக் குரல் குடுக்கிறவன்தான் சேர்வர். அவன்ரை தொண்டை அடைச்சால் எல்லாரும் வடத்தைப் பிடிச்சபடி ஆளை ஆள் பாத்துக்கொண்டு நிப்பினம். சரிதானே? பாரும், நீர் ஓம் எண்டிறீர். யதுவுக்குச் சொன்னால் சிரிக்கிறாள்.

என்ன வில்லங்கமெண்டால், குரல் திரும்பி வந்தாலும் எங்கடை மிசினுக்குக் காது கேக்காது. சிவப்பு லைற்றைப் போட்டுக்கொண்டு மரமா நிக்கும். ஆரும் போய் நிப்பாட்டி, முப்பது எண்ணி, திரும்பப் போடவேணும். எண்ணினால் எனக்கு இடையிலை விட்டுப்போகும், அதாலை நான் ஒரு தேவாரம் படிப்பன். அது முடிய, சுவிற்சைப் போட்டால் பச்சை வரும். முதல் முதல் நான் அப்பிடி எழுப்பினது ஒரு புதன்கிழமை. அண்டைக்குத்தான் நாலு மாசத்துக்குப் பிறகு அவன்ரை குரலைக் கேட்டனான்.

ஓம் பிள்ளை, நாலு மாசம். அவன் கதைக்காமல் போனவன்.

அவன் பல்லு டொக்டருக்குப் படிச்சவன். ரெண்டு வருசம். தேப்பன், இவர், இஞ்சை முப்பது வருசம் பஸ் ஓடின மனிசன். ஹவுகெட்டோ ஸ்ரேசனிலை ரெயினுக்கு நிக்கிற தமிழாக்கள் ஒருத்தரையும் மிச்சம் விடேல்லை, எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். கோயிலிலை அன்னதானத்துக்குப் போனால் சனம் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டும், தம்பி உதைப் பிடுங்கவேணுமோ எண்டு. பெடியன் சோத்துக் கோப்பையோடை நிண்டு ஒவ்வொரு வாயாப் பாப்பான். மூண்டாம் வருசம் வந்து, அப்பா எனக்கு ஆக்களின்ரை வாய் பிடிக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டான். சிரிக்கிறீர். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. இவருக்கு வெக்கம். சிவானந்தன்ரை மோன் எந்த வருசம் முடிக்கிறான் எண்டு ஆரும் கேட்டிடுவினம் எண்டு அரை மணித்தியாலம் பிந்தின ரெயினிலை போகத் துவங்கினார். ஒருநாள் கோவத்திலை, இனி என்ரை முகத்திலை முழியாதை எண்டிட்டார்.

இவரின்ரை கோவம் பொங்கிற பால் மாதிரி. அடுப்பை நிப்பாட்டினால் இறங்கீடும். அதை இவ்வளவு காலம் வளந்த பிள்ளைக்குத் தெரியாதே? அவன் அடுத்த கிழமை ஸ்தவாங்கருக்கு வேலை எடுத்துக்கொண்டு போட்டான். ரெண்டும் ஒரே இரும்பிலை அடிச்சதுகள், இறங்கி வரமாட்டுதுகள். நான் எடுத்தால் கட் பண்ணிப்போட்டு, வேலையிலை நிக்கிறன் அம்மா எண்டு எழுதிவிடுவான். பக்கத்திலை தேப்பன் இருப்பார் எண்டு பயம். சாப்பிட்டியோ எண்டு மெசேச் போட்டால் ஒரு பெருவிரல் வரும். சுகமோ எண்டு கேட்டாலும் பெருவிரல். நான் என்ன பெருவிரலையே பெத்தனான் எண்டு குசினிக்குள்ளை நிண்டு அழுதிருக்கிறன். உமக்கேன் மறைப்பான்.

அப்பதான் அந்தப் புதன்கிழமை சேர்வர் விழுந்தது. அம்மா, மிசின் நிக்குது, ஒருக்கால் எழுப்பிவிடு எண்டு எடுத்தான். நான் நகரசபை வேலை முடிஞ்சு அப்பதான் வந்து, கோட்டும் கழட்டேல்லை. சுவிற்ச் எது எண்டு தெரியாது, வலது பக்கமோ இடது பக்கமோ எண்டு ரெண்டுபேரும் சண்டைபிடிச்சு, பச்சை வரச் சரியா இருபது நிமிசம். அந்த இருபது நிமிசமும் அவன் போனை வைக்கேல்லை. வைக்கேலாதே, பச்சை வரவேணுமே. அங்கை மழையோ எண்டு கேட்டன். எப்பவும் மழைதான் எண்டான். என்ன கறி எண்டு கேட்டான். நான் கத்தரிக்காய் எண்டன். அவனுக்குக் கத்தரிக்காய் கண்ணிலை காட்டக்கூடாது, எண்டாலும், நல்லது அம்மா எண்டான்.

அதுக்குப் பிறகு நான் கோயிலுக்குப் போனால் எல்லாரும் குடும்பம் நல்லா இருக்கவேணும் எண்டு கும்பிட, நான் சேர்வர் விழவேணும் எண்டு கும்பிட்டன். ஆயிரம் பேரின்ரை பிழைப்பிலை மண் போடிற நேத்திதான். அந்தப் பாவம் எனக்கே வரட்டும். பிள்ளையார் மாசத்துக்கு ரெண்டு தரமாவது விழுத்தித் தந்தார்.

போனை ஸ்பீக்கரிலை போட்டு மேசையிலை வைச்சிட்டுத்தான் நான் அலுமாரிக்கு ஓடிறது. ரெண்டு கையும் வேணுமெல்லே. இவர் மேசையிலை இருந்து பேப்பர் வாசிப்பார். வாசிக்கிறாராம். ஒரு பக்கமும் திரும்பாது. ஒருநாள் குளிர் காலத்திலை மோர்மிளகாய் போட்டனான் பாரும், காயிறதுக்கு வெயிலுக்கு எங்கை போறது? மிசின் ஊதிற சூட்டுக்கு முன்னாலை தட்டத்தை வைச்சிட்டன். பத்து நிமிசத்திலை போன். அம்மா, மிசினுக்கு முன்னாலை என்ன வைச்சனி, சூடு கூடுது எண்டு கத்திறான். ஸ்தவாங்கரிலை இருந்துகொண்டு. அவனுக்கு எல்லாம் போனிலை தெரியுமாம். ஓடுதோ நிக்குதோ, சூடோ குளிரோ, எல்லாம். மோர்மிளகாய் எண்டு சொல்லவேண்டி வந்திட்டுது. இவர் பேப்பருக்குப் பின்னாலை சிரிச்ச சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். காய்ஞ்ச உடனை எனக்கும் அனுப்பு எண்டான்.

போன வருசம் ஐப்பசியிலை இவர் மெல்ல வாய் திறந்தார். அவனிட்டை இல்லை, என்னட்டை. காருக்கு விண்டர் ரயர் மாத்திப்போட்டானோ எண்டு கேள் எண்டார். ஸ்பீக்கரிலை கிடக்கிற போனுக்கு நான் கேள்வியைத் திருப்பிச் சொன்னன். மாத்திப்போட்டன் எண்டு சொல்லு எண்டான் அவன். நானும் சொன்னன். மூண்டுபேரும் ஒரே மேசையிலை இருக்கிற மாதிரித்தான், நான் நடுவிலை மொழிபெயர்ப்பாளர். தமிழிலையிருந்து தமிழுக்கு.

இந்த வருசம் மாசியிலை அவனே எடுத்துச் சொன்னான், பூல்காரர் சேர்வரைப் புதுசா மாத்தினவை, இனி விழாது அம்மா, உனக்குக் கரைச்சல் இல்லை எண்டு. சந்தோசமாச் சொல்லவேண்டிய விசயம். அவன்ரை குரலிலை சந்தோசத்தைக் காணேல்லை. நானும் நல்லது ராசா எண்டன். அதோடை ஆறு கிழமை ஒரு போனும் இல்லை. திரும்பவும் பெருவிரல். இவர் குசினிக்குப் போறதெண்டாலும் அலுமாரியைத் திறந்து பாத்திட்டுத்தான் போவார். நல்லா ஓடுது எண்டு சொல்லுவார், ஆருக்கோ வருத்தம் எண்டு சொல்லிற மாதிரி.

பேந்து ஒரு ஞாயிறு, பின்னேரம் நாலுமணி. போன் அடிச்சுது. அம்மா, விழுந்திட்டுது எண்டான். நான் சந்தோசத்திலை கறிச்சட்டியை அடுப்பிலை விட்டிட்டு ஓடினன். அண்டையிலையிருந்து ஞாயிறு தவறாமல் நாலுமணிக்கு விழும். நான் போய்ப் பாத்து, தேவாரம் படிச்சு, பச்சை வந்திட்டுது எண்டு சொல்லுவன். ஓம் அம்மா, இஞ்சையும் தெரியுது எண்டுவான். பேந்து ஒரு மணித்தியாலம் கதை. பேர்கனிலை ஆரோ சாருகாவாம், ஆஸ்பத்திரியிலை வேலையாம். பேரை மட்டும் சொன்னவன். நான் ஒண்டும் தோண்டேல்லை. அடுத்த ஞாயிறு தானாச் சொல்லுவான்.

என்ன சொன்னனீர்? ஓ, ரெண்டாவது பூலும் போட்டுவிடலாமோ. ஒரு தேரிலை குரல் நிண்டால் மிசின் தன்பாட்டிலை மற்றத் தேருக்கு ஓடீடும். ஆரும் எழுப்பத் தேவையில்லை. கெட்டித்தனமான விசயம் பிள்ளை, உம்மிலை பிழை சொல்லேல்லை. ஆனால் அப்பிடிச் செய்தால் அவன் எதைச் சொல்லி எடுக்கிறது? அவனுக்கு ஒரு காரணம் வேணும். சும்மா எடுத்து அப்பா எப்பிடி எண்டு கேக்கிற பெடியன் இல்லை அவன். எனக்கு அந்த ஒரு மணித்தியாலத்தை விட்டால் கிழமையிலை வேறை நாளே இல்லை. உண்மையாத்தான் சொல்லிறன்.

போன ஞாயிறு நடந்ததைக் கேளும். நான் என்னோடை வேலை செய்யிற மேரியம்மாவைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனனான், காலிலை ஒப்பரேசன். வர நாலு தாண்டீட்டுது. கதவைத் திறக்கிறன், போன் அடிக்குது. இவர் எடுக்கமாட்டார் எண்டுதான் நினைச்சன். அடிச்சு அடிச்சு நிண்டிடும் எண்டு சப்பாத்தோடை உள்ளை ஓட வெளிக்கிட்டன். அடிக்கிறது நிண்டுது. இவர் எடுத்திட்டார்.

நான் கொரிடோரிலை அப்பிடியே நிண்டிட்டன். அவன் என்ன சொன்னானோ தெரியாது. இவர் போனைக் காதிலை வைச்சபடி வந்து, இந்த அலுமாரியைத் திறந்து, அதுக்கு முன்னாலை நேரா நிண்டு எண்ணத் துவங்கினார். சத்தமா. ஒண்டு, ரெண்டு எண்டு முப்பது வரைக்கும். பதினெட்டிலை நிண்டு, கனைச்சுப்போட்டுத் திரும்பப் பதினெட்டு எண்டார். முப்பது முடிய, தம்பி, பச்சை வந்திட்டுது எண்டார். மூண்டு வருசத்துக்குப் பிறகு அவனோடை கதைச்ச முதல் கதை. நான் கிட்ட நிண்டனான், போனுக்குள்ளை அவன் சொன்னது எனக்கும் கேட்டது. ஓம் அப்பா, இஞ்சையும் தெரியுது.

பேந்து ரெண்டும் ரயர் கதைச்சுதுகள். முக்கால் மணித்தியாலம் ரயர். நான் கோட்டோடை நிலத்திலை இருந்திட்டன்.

இவர் இப்ப கடைக்குத்தான் போனவர், நாலுக்கு முதல் வந்திடுவார். ஞாயிறுகளிலை மனிசன் பிந்திறேல்லை. சரி, நீரும் வந்தது வந்தாச்சு, திறந்து பாரும். யதுவிட்டைப் பாத்தன் எண்டாவது சொல்லவேணுமே. இழுத்துத் திறவும், கொஞ்சம் இறுக்கம்.

ஓம் பிள்ளை. வயர் கழட்டித்தான் கிடக்கு. சித்திரையிலை இவர்தான் கழட்டினவர், அந்த முதல் ஞாயிறு, மூண்டே முக்காலுக்கு. அந்தச் சொக்கற்றிலை பிரீசரைக் கொளுவவேணுமாம். குசினியிலை ரெண்டு சொக்கற் சும்மா கிடக்கு. நான் ஒண்டும் கேக்கேல்லை. அண்டையிலையிருந்து உது ஒரு நிமிசமும் ஓடேல்லை, சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. அதாலை திருத்த ஒண்டும் இல்லைப் பிள்ளை. யதுவிட்டை, ஒரு சாமான் வெளிநாட்டிலையிருந்து வரவேணும், கனகாலம் எடுக்கும் எண்டு சொல்லிவிடும்.